வாசகர் கேள்வி–பதில்: மஸில் காருக்கு எந்த ரியர் ஆக்சில் தாங்கும்?

இந்த முறை ரியர் ஆக்சில் (இன்ஜினின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பின்னச்சு) பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பேசப்படுபவை மஸில் கார்கள், அதாவது பெரிய இன்ஜின் பூட்டிய அமெரிக்கக் கார்கள். அவற்றின் உதிரிப் பாகங்கள் அங்குலம், பவுண்டு கணக்கில்தான் விற்கப்படுகின்றன என்பதால் அளவுகளையும் அப்படியே தந்திருக்கிறோம்.

கே: என்னுடையது 1970 செவெல். 454 கன அங்குல இன்ஜினைப் புதுப்பித்ததில் 550 பவுண்டு-அடி முறுக்குவிசை வருகிறது. டர்போ 400 ஆட்டோமேட்டிக், பழைய 12-போல்ட் ஆக்சில் (கவரில் பன்னிரண்டு போல்ட் உள்ளது), 3.73 ரேஷியோ (புரொபெல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று). ‘ஃபோர்டு 9 இன்ச் ஆக்சில் போடாவிட்டால் சிதறிவிடும்’ என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

ப: இன்ஜினைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் எந்த டயர் என்று எழுதவில்லையே! பதில் அதில்தான் இருக்கிறது.

முதலில் இன்ஜின் பக்கக் கணக்கு. 550-ஐ டர்போ 400-இன் முதல் கியரான 2.48-ஆல் பெருக்கினால் 1,364. அதை 3.73-ஆல் பெருக்கினால் 5,088 பவுண்டு-அடி. நின்ற நிலையிலிருந்து கார் கிளம்பும் நொடியில் டார்க் கன்வெர்ட்டர் இதை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். ஆக, காகிதத்தில் 10,000-ஐத் தொடுகிறது. இதைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள்.

ஆனால் டயர் தரையைப் பிடித்து நிற்கும் அளவுக்குத்தான் ஆக்சில் மீது சுமை ஏறும். அதற்கு மேல் போனால் டயர் சுழன்றுவிடும். ஓட்டுநரோடு சேர்த்து உங்கள் கார் 3,900 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சாலை டயரில் கிளம்பும்போது எடையில் சுமார் 55% பின்பக்கம் இருக்கும். அது 2,145 பவுண்டு. பிடிமானக் கெழு (டயரின் பிடிப்பு விசைக்கும் அதன் மீதுள்ள எடைக்கும் உள்ள விகிதம்) 1.0, டயரின் விட்டம் 27 அங்குலம் என்றால் ஆரம் 1.125 அடி. பெருக்கிப் பாருங்கள்: 2,413 பவுண்டு-அடி, அதாவது சுமார் 3,270 நியூட்டன்-மீட்டர். இன்ஜின் 10,000 கொடுக்கத் தயாராக இருந்தாலும், இரண்டு ஆக்சில் ஷாஃப்டும் சேர்ந்து தாங்க வேண்டியது இவ்வளவுதான்.

அதே காருக்கு 28 அங்குல டிராக் ஸ்லிக் டயர் (நேர்கோட்டுப் பந்தயத்துக்கான, வரிப்பள்ளம் இல்லாத டயர்) மாட்டுங்கள். பிடிமானக் கெழு 1.8 ஆகிறது. கார் வேகமாகக் கிளம்புவதால் எடையில் 70% பின்னால் சாய்கிறது. 2,730 × 1.8 × 1.167 = சுமார் 5,730 பவுண்டு-அடி. இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் ஆக்சிலின் சுமை 2.4 மடங்கு ஆகிவிட்டது. 700 குதிரைத்திறன் காரும் சாலை டயரில் தொழிற்சாலை ஆக்சிலோடு பல வருடம் ஓடுவதும், 400 குதிரைத்திறன் கார் ஸ்லிக் மாட்டிய முதல் நாளே ஷாஃப்ட்டை முறிப்பதும் இதனால்தான்.

உங்களுக்கான முடிவு: சாலை டயர் என்றால் 12-போல்ட்டே போதும். பேரிங், சீல் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். ஐம்பது வயதான ஷாஃப்ட்டுகளை எடுத்துவிட்டு, தரமான 30-ஸ்ப்லைன் (முனையில் 30 பல் வெட்டிய) ஷாஃப்ட் மாட்டுங்கள். வார இறுதியில் ஸ்லிக் மாட்டும் எண்ணம் இருந்தால் 33 அல்லது 35 ஸ்ப்லைனுக்குப் போங்கள், ஷாஃப்ட்டை உள்ளே பிடித்து வைக்கும் சின்னக் கிளிப்பான சி-கிளிப்பை ஒழியுங்கள். அந்தச் செலவைக் கூட்டிப் பார்க்கும்போது முழு 9 இன்ச் ஆக்சிலின் விலையை நெருங்கினால், அப்போது நண்பர்கள் சொன்னதைக் கேட்கலாம்.

கே: 28, 31, 35 ஸ்ப்லைன் என்கிறார்களே, பல்லின் எண்ணிக்கை கூடினால் வலிமை எப்படிக் கூடும்?

ப: பல் அல்ல, தடிமன்தான் காரணம். இந்த ஷாஃப்ட்டுகளின் ஸ்ப்லைன் எல்லாம் பெரும்பாலும் ஒரே அளவு பல்லாக வெட்டப்படுகின்றன. அதனால் பல் கூடினால் விட்டமும் கூடும். எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி 24-ஆல் வகுத்தால் வெளிவிட்டம் கிடைத்துவிடும். 28-க்கு 1.21 அங்குலம், 30-க்கு 1.29, 31-க்கு 1.33, 33-க்கு 1.42, 35-க்கு 1.50, 40-க்கு 1.71.

முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்கூடப் பெரிய பலன் தரும். 28-லிருந்து 31-க்குப் போனால் சுமார் 34% கூடுதல். 28-லிருந்து 35-க்குப் போனால் ஏறக்குறைய இரு மடங்கு.

உலோகமும் முக்கியம். சாலைக்கும் மிதமான பந்தயத்துக்கும் 1541ஹெச் எஃகில் செய்து, மேற்பரப்பை மட்டும் மின்தூண்டல் முறையில் கடினமாக்கிய ஷாஃப்ட் நன்றாக உழைக்கும். மேல் ஓடு கடினமாகவும் உள்ளே சற்று மென்மையாகவும் இருப்பதால் அதிர்ச்சியைத் தாங்கும். அதற்கும் மேல் 4340 எஃகு, கடைசியில் 300எம் எஃகு. நடுவில் துளையிட்ட ஷாஃப்ட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். விட்டத்தில் பாதி அளவுக்குத் துளை போட்டாலும் முறுக்கு வலிமையில் 6% தான் குறையும், எடையில் 25% குறையும்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஷாஃப்ட்டின் நடு உடல், ஸ்ப்லைன் பல்லின் அடிவிட்டத்தை விடத் தடிமனாக இருந்தால் முறுக்கு முழுவதும் ஸ்ப்லைனிலேயே குவியும், அங்கேதான் முறியும். உடல் சற்று மெலிந்திருந்தால் ஷாஃப்ட் முழு நீளத்துக்கும் லேசாக முறுக்கிக்கொண்டு திரும்பும். இன்னும் தடிமனாக இருந்தால் இன்னும் நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது.

கே: 9 இன்ச், 12-போல்ட், டானா 60, கிரைஸ்லர் 8¾, ஃபோர்டு 8.8... இவற்றில் எது உண்மையில் வலிமையானது?

ப: ஒரே வரியில் கேட்டால், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் டானா 60. கிரவுன் வீலின் (சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) விட்டம் 9¾ அங்குலம், ஷாஃப்ட் 35 ஸ்ப்லைன். நான்கு கியர் மேனுவல் பெட்டியோடு வந்த 426 ஹெமி இன்ஜின் கார்களுக்கு கிரைஸ்லர் கொடுத்தது இதைத்தான். அதே ஹெமி ஆட்டோமேட்டிக்கோடு வந்தபோது 8¾ ஆக்சிலே போதும் என்று விட்டார்கள். இன்ஜின் ஒன்றுதான், கிளட்ச்சைப் பட்டென்று விடும்போது வரும் அடியைத் தாங்குவதற்காகவே பெரிய ஆக்சில். குதிரைத்திறனை மட்டும் வைத்து ஆக்சில் தேர்ந்தெடுப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். டானா 60-இன் குறை அதன் எடை.

ஃபோர்டு 9 இன்ச் 1957-இல் வந்தது. இதன் பலம் கிரவுன் வீலின் அளவில் மட்டும் இல்லை. கிரவுன் வீலைச் சுழற்றும் சிறிய கியரான பினியனின் உள்முனையை மூன்றாவதாக ஒரு பேரிங் தாங்குகிறது. மற்ற ஆக்சில்களில் பினியன் இரண்டு பேரிங்கில்தான் நிற்கிறது. கடும் சுமையில் அதன் முனை விலகும், பல் மேல்விளிம்பில் மட்டும் உரசும், உடையும். 9 இன்ச்சில் அந்த விலகல் வெகுவாகக் குறைகிறது. அடுத்து, கியர்கள் அடங்கிய நடுப்பகுதி முழுவதும் முன்பக்கமாகக் கழன்று வருகிறது. மேசை மீது வைத்து வசதியாக செட்டிங் செய்யலாம், இரண்டு ரேஷியோவுக்கு இரண்டு நடுப்பகுதி வைத்துக்கொண்டு மாற்றி மாட்டலாம். பழையதை வாங்குகிறவர்கள் நடுப்பகுதியின் வார்ப்பில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தைத் தேடுங்கள். அது நாடுலர் இரும்பு என்பதன் அடையாளம், சாதாரண வார்ப்பை விட உறுதியானது. ஒரு குறையும் உண்டு. பினியன் மிகவும் கீழே அமைந்திருப்பதால் பற்களுக்கிடையே வழுக்கல் அதிகம். மற்றவற்றை விடச் சற்றுக் கூடுதல் சக்தியை வெப்பமாக விழுங்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 12-போல்ட்டின் கிரவுன் வீல் 8.875 அங்குலம், ஷாஃப்ட் 30 ஸ்ப்லைன். பினியன் 9 இன்ச் அளவுக்குக் கீழே இல்லை, அதனால் உராய்வு இழப்பு குறைவு. பழைய சந்தையில் ஏமாறுவதும் இதில்தான் அதிகம். டிரக்கில் வந்த 12-போல்ட்டும் கவரில் பன்னிரண்டு போல்ட்டோடுதான் இருக்கும், ஆனால் அதன் பினியன் தண்டு மெலிது. காருக்கான கியர் அதில் ஏறாது. அதேபோல 10-போல்ட் என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் புரியாது. 8.5 அங்குல 10-போல்ட் மதிக்கத்தக்கது. எண்பதுகளின் கமாரோக்களில் வந்த 7.5 அங்குல 10-போல்ட்டில் பணம் போடாதீர்கள், எவ்வளவு நல்ல ஷாஃப்ட் போட்டாலும் கிரவுன் வீல் சிறியதுதான்.

கிரைஸ்லர் 8¾-இல் மூன்று வகை உண்டு. வார்ப்பு எண் 741, 742, 489 என்று முடியும். 741-இன் பினியன் மெலிது; அதிக சக்திக்கு மற்ற இரண்டில் ஒன்றைத் தேடுங்கள்.

ஃபோர்டு 8.8, செலவுக்கு ஏற்ற வலிமை என்ற கணக்கில் முதலிடம் பெறும். அதன் பலவீனங்கள் இரண்டு: சி-கிளிப், பிறகு நடு வார்ப்புக்குள் அழுத்திச் செருகி, சில புள்ளிகளில் மட்டும் வெல்டிங் செய்த குழாய்கள். இரண்டுக்கும் மருந்து உண்டு, அடுத்த பதிலைப் பாருங்கள்.

கே: 1966 மஸ்டாங்குக்கு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியின் 8.8 ஆக்சிலைப் போடலாமா? சுமார் 400 குதிரைத்திறன்.

ப: தாராளமாக. 1995 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலாக எடுங்கள். 31-ஸ்ப்லைன் ஷாஃப்ட், டிஸ்க் பிரேக், உங்கள் மஸ்டாங்குக்குப் பொருந்தும் ஐந்து போல்ட் 4½ அங்குல வட்டம் எல்லாம் கிடைத்துவிடும்.

அகலம் 59½ அங்குலம் என்பதால் அப்படியே மாட்டினால் டயர் வெளியே தள்ளும். எக்ஸ்ப்ளோரரில் பினியன் நடுவில் இல்லை, வலதுபுறம் தள்ளி இருக்கும். ஆகவே இடதுபுறக் குழாயைச் சுமார் 3 அங்குலம் வெட்டிச் சுருக்கி, இரண்டு பக்கமும் வலதுபுறத்துக் குட்டை ஷாஃப்ட்டையே போட்டால் அகலமும் சரியாகும், பினியனும் நடுவுக்கு வரும். இன்னொரு வலது ஷாஃப்ட் மட்டும் தேட வேண்டும்.

வெல்டிங்கில் கவனம் தேவை. நடுப்பகுதி வார்ப்பிரும்பு, குழாய் எஃகு. குளிர்ந்த வார்ப்பில் நேரடியாக வெல்டிங் வைத்தால் ஓரமாக விரிசல் ஓடும். வார்ப்பை முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடால் எதிரெதிர்ப் பக்கங்களில் சிறு சிறு துண்டாக வெல்டிங் வைத்து, போர்த்தி மெதுவாக ஆறவிட வேண்டும். பேரிங் இருக்கைகளுக்குள் நேரான இரும்புத் தண்டு ஒன்றைச் செருகி வைத்தபடி இந்த வேலையைச் செய்தால்தான் குழாய் வளைந்ததா என்பது அப்போதே தெரியும். வளைந்த ஹவுசிங்கில் (ஆக்சிலின் வெளிக்கூடு) எவ்வளவு விலை உயர்ந்த ஷாஃப்ட்டும் பேரிங்கும் நிலைக்காது.

கே: சி-கிளிப் ஆபத்தானது என்கிறார்கள். சாலையில் மட்டும் ஓட்டும் காருக்கும் அதை மாற்ற வேண்டுமா?

ப: சி-கிளிப் ஆக்சிலில் ஷாஃப்ட்டை வெளியே வராமல் பிடித்து வைப்பது, டிஃப்ரன்ஷியலுக்குள் (திருப்பத்தில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி) ஷாஃப்ட்டின் உள்முனையில் இருக்கும் சின்னக் கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் வெளிப்பக்கத் துண்டைப் பிடிக்க எதுவும் இல்லை. சக்கரம், பிரேக் டிரம் எல்லாம் சேர்ந்து வெளியே வந்துவிடும். 9 இன்ச், 8¾, டானா 60 ஆகியவற்றில் வெளிமுனைப் பேரிங்கே தகடு வைத்துப் பூட்டப்பட்டிருப்பதால், ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் அதன் இடத்தில் நிற்கும்.

கால் மைல் 10.99 விநாடி அல்லது அதற்கும் குறைவாக ஓடும் கார்களுக்கு அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்ஹெச்ஆர்ஏவின் விதிகள் மாற்று ஷாஃப்ட்டையும் சி-கிளிப் இல்லாத பூட்டையும் கட்டாயமாக்குகின்றன. சாலை டயரில் மிதமாக ஓடும் காருக்கு நல்ல ஷாஃப்ட்டும் சி-கிளிப்பும் போதும்.

மாற்றுவது என்று முடிவு செய்தால் போல்ட்டில் மாட்டும் எலிமினேட்டர் கிட்டை நாங்கள் பரிந்துரைப்பதில்லை, பந்தயத்துக்கு மட்டுமே ஓடும் காராக இருந்தால் தவிர. வளைவுகளில் ஏறும் பக்கச் சுமையை அந்தச் சின்னப் பேரிங் நெடுநாள் தாங்காது. சீல் கசியத் தொடங்கும், பிரேக்கில் எண்ணெய் இறங்கும். குழாய் முனைகளை அறுத்துவிட்டு, 9 இன்ச்சின் பெரிய பேரிங் முனைகளை வெல்டிங் செய்வதுதான் நிலையான வழி.

கே: ஐந்து கியர் மேனுவல், 4.10 ரேஷியோ. ஒரே வருடத்தில் இரண்டு முறை பினியன் பல் உடைந்தது. ஷாஃப்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன்?

ப: சந்தேகப்பட வேண்டியவை மூன்று.

முதலாவது, சக்கரத் துள்ளல். கிளம்பும்போது பின்சக்கரங்கள் தடதடவென்று குதிக்கின்றனவா? லீஃப் ஸ்பிரிங் ‘எஸ்’ வடிவில் வளைந்து நிமிர்வதால் டயர் ஒரு கணம் தரையை விட்டு மீண்டும் பிடிக்கிறது. ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும், சுழன்றுகொண்டிருந்த கனமான ஃப்ளைவீலின் வேகம் முழுவதும் பினியன் பல்லில் சம்மட்டி அடியாக இறங்கும். மேலே முதல் பதிலில் போட்ட டயர் கணக்கை மீறும் சுமை இது. டிராக்ஷன் பார் (ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும் தண்டு), நல்ல ஷாக் அப்சார்பர், இறுகிய புஷ் போட்டு இதை முதலில் நிறுத்துங்கள். துள்ளல் இருக்கும்வரை எந்த ஆக்சிலைப் போட்டாலும் பணம் வீண்தான்.

இரண்டாவது, ரேஷியோ. எண் கூடக் கூட பினியனின் தலை சிறுத்துப் போகும். அதே கிரவுன் வீல் அளவுக்கு 3.50-இன் பினியன் 4.10-ஐ விடப் பருமன். உங்கள் பெட்டியின் முதல் கியரே ஆழமானது என்றால் 3.55-க்கோ 3.73-க்கோ இறங்கிப் பாருங்கள், கிளம்புவதில் பெரிய இழப்பு தெரியாது.

மூன்றாவது, கியரின் உலோகம். கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் 8620 எஃகு கியரின் மேற்பரப்பு கடினம், தேய்மானம் குறைவு, சாலைக்கு ஏற்றது. 9310-இல் செய்த பந்தய கியரின் உட்பகுதி நெகிழ்வானது, அடியை வாங்கிக்கொள்ளும், ஆனால் சாலையில் சீக்கிரம் தேய்ந்து ஊளையிடும். பாதிநாள் சாலை, பாதிநாள் பந்தயம் என்ற காருக்கு 9310 போட்டுவிட்டு ‘சத்தம் வருகிறது’ என்று எழுதாதீர்கள்.

உடைந்த பல்லையும் ஒருமுறை பாருங்கள். பல் முழுதாக அடியோடு போயிருந்தால் அது அதிர்ச்சி. மேல்விளிம்பு மட்டும் தொடர்ச்சியாகச் சிதைந்திருந்தால் செட்டிங் தவறு, அல்லது கிரவுன் வீல் சுமையில் விலகுகிறது. 8.8, 12-போல்ட் போன்றவற்றில் பேரிங் மூடிகளை வெளியிலிருந்து தாங்கும் போல்ட் வைத்த கனமான அலுமினியக் கவர் இந்த விலகலைக் குறைக்கும். அந்தத் தாங்கு போல்ட்டுகளைக் கைஇறுக்கத்துக்குச் சற்றே மேல் இறுக்கி நட்டால் பூட்டினால் போதும். பலம் முழுவதையும் காட்டினால் பேரிங் மூடியே நசுங்கும்.

கே: புது கியர் போட்டதிலிருந்து ஆக்சிலேட்டரை அழுத்தினால் ‘ஊய்ங்’ என்று சத்தம். மெக்கானிக் ‘பழகினால் போய்விடும்’ என்கிறார். போகுமா?

ப: போகாது. ஊளை என்பது பற்கள் தவறான இடத்தில் தொடுவதன் குரல். கவரைத் திறந்து, பற்களில் மஞ்சள் மார்க்கிங் பசையைப் பூசி, கிரவுன் வீலைக் கட்டையால் சற்றுத் தடுத்துப் பிடித்தபடி இரு பக்கமும் சுழற்றுங்கள். தடம் பல்லின் உயரத்தில் நடுவில் விழ வேண்டும். பல்லின் அடிப்பக்கம் இறங்கியிருந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. உச்சிப் பக்கம் ஏறியிருந்தால் போதிய அளவு உள்ளே போகவில்லை.

திருத்தும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று. 12-போல்ட், 8.8, டானா 60 வகைகளில் பினியன் தலைப்பக்க பேரிங்கோடு ஷிம் (அளவைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) உட்காரும். ஷிம் தடித்தால் பினியன் உள்ளே போகும். 9 இன்ச்சில் ஷிம் இருப்பது பினியன் சப்போர்ட்டுக்கும் நடுப்பகுதிக்கும் இடையில். அங்கே ஷிம் தடித்தால் பினியன் வெளியே வரும். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் நேரெதிராகச் செய்துவிடும். 0.005 அங்குல மாற்றமே தடத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி நகர்த்தும்.

பேக்லாஷ் (பற்களுக்கிடையே உள்ள ஆட்டம்) பெரும்பாலான செட்டுகளுக்கு 0.006 முதல் 0.010 அங்குலத்துக்குள். டயல் கேஜை பல்லுக்குச் செங்குத்தாக வைத்து, கிரவுன் வீலைச் சுற்றி நான்கு இடங்களில் அளவு எடுங்கள். இடத்துக்கிடம் 0.003-க்கு மேல் மாறினால் கிரவுன் வீல் சரியாக உட்காரவில்லை. அதற்கும் அது பூட்டப்படும் கேரியருக்கும் இடையில் பிசிறோ அழுக்கோ சிக்கியிருக்கும்.

பினியன் பேரிங் ப்ரீலோட் (பேரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம்), புதுப் பேரிங்குக்கு வழக்கமாக 15 முதல் 30 அங்குல-பவுண்டு, பழைய பேரிங்குக்கு அதில் ஏறக்குறைய பாதி. செட்டோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் வேதவாக்கு. நசுங்கும் ஸ்லீவ் வைத்த ஆக்சிலில் நட் அளவுக்கு மேல் இறுகிவிட்டால், திருப்பித் தளர்த்திச் சரிக்கட்டக் கூடாது. ஸ்லீவ் ஒருமுறை நசுங்கினால் மறுபடி நீளாது, புதியது போட வேண்டும். அதிக சக்திக்கு இந்த ஸ்லீவை எடுத்துவிட்டு, ஷிம்மோடு வரும் திட ஸ்பேசரைப் போடுவதே எங்கள் விருப்பம். செட்டிங் செய்ய நேரம் பிடிக்கும், ஆனால் கடும் அடியிலும் ப்ரீலோட் மாறாது.

எல்லாம் சரியான பிறகு பழக்கல். 15, 20 மைல் நிதானமாக ஓட்டி, ஆக்சில் முழுவதும் ஆறும்வரை நிறுத்துங்கள். சூடான புதுக் கியரின் மீது சுமை ஏற்றினால் பல்லின் மேற்பரப்பு கருகி, அன்றோடு அதன் ஆயுள் பாதி போகும். முதல் 500 மைலுக்கு முழு ஆக்சிலேட்டர் வேண்டாம், இழுவை வேண்டாம். பிறகு ஆயிலை மாற்றுங்கள். அதில் மினுமினுக்கும் பொடி இருப்பது இயல்பு, துண்டு இருந்தால் இயல்பல்ல.

கே: தினமும் ஓட்டும் காருக்கு ஸ்பூல் போடலாமா?

ப: வேண்டாம். ஸ்பூல் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டயர் தேய்ந்து இழுபடும், ஷாஃப்ட்டுகள் முறுக்கி முறுக்கித் தளரும், மழையில் பின்பக்கம் வழுக்கும். சாலைக் காருக்கு டெட்ராய்ட் ட்ரூட்ராக் போன்ற, முழுக்கக் கியர்களாலேயே வேலை செய்யும் டிஃப்ரன்ஷியல் வகை மென்மையானது. தேயும் தட்டுகள் இல்லை, சிறப்புச் சேர்க்கையும் தேவையில்லை. ஒரு சக்கரம் முழுதாகத் தரையை விட்டு எழும்பினால் மட்டும் அது கைவிடும். தட்டு வகை பாசிட்ராக்ஷன் என்றால் ஆயிலோடு ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் திருப்பத்தில் கடகடக்கும்.

கே: அகலமான டயருக்காக ஆக்சிலைச் சுருக்கப் போகிறேன். எவ்வளவு அகலம் என்று எப்படிக் கணக்கிடுவது?

ப: ஆக்சிலில் தொடங்காதீர்கள். வீலையும் டயரையும் முதலில் முடிவு செய்யுங்கள், ஆக்சில் அவற்றைப் பின்தொடரட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மட்கார்டு உள்விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை 68 அங்குலம். இரு பக்கமும் 1 அங்குலம் இடைவெளி விட்டால் டயரின் வெளிப்பக்கங்களுக்கு இடையே 66. டயரின் முழு அகலம் 11 அங்குலம், வீலின் விளிம்போடு சேர்ந்த அகலம் 10, பேக்ஸ்பேஸ் (வீல் ஒட்டும் முகத்திலிருந்து உள்விளிம்பு வரை) 5½ என்றால், வீல் ஒட்டும் முகத்திலிருந்து வெளிவிளிம்பு 4½. டயரின் புடைப்பு அரை அங்குலம் சேர்த்து 5. 66-இல் இரு பக்க 5-ஐயும் கழித்தால் 56. இதுதான் ஒரு வீல் முகத்திலிருந்து மறு வீல் முகம்வரை ஆக்சிலின் அகலம். உட்பக்கமும் சரிபாருங்கள். வீல் முகத்திலிருந்து உள்ளே டயர் 6 அங்குலம் போகும், ஆக இரு டயர்களின் உட்பக்கங்களுக்கு இடையே 44 அங்குலம். ஃப்ரேம், ஸ்பிரிங், புகைக்குழாய் எல்லாம் ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குல இடைவெளியோடு அதற்குள் அடங்க வேண்டும்.

அளவு எடுக்கும்போது காரின் எடை சக்கரங்கள் மீது இருக்கட்டும். பிரேக் டிரம்மின் அல்லது டிஸ்க்கின் தடிமனைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் ஏராளம். அது ஆக்சில் முகத்துக்கும் வீலுக்கும் நடுவில் உட்காரும்.

கே: ஆக்சில் மாற்றியபின் நெடுஞ்சாலை வேகத்தில் அதிர்வு. புரொபெல்லர் ஷாஃப்ட் பேலன்ஸ் செய்தாயிற்று.

ப: ஸ்பிரிங் இருக்கைகளை எந்தக் கோணத்தில் வெல்டிங் செய்தார்கள் என்று பாருங்கள். சாலையில் சீராக ஓடும்போது கியர்பெட்டியின் வெளித்தண்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கிளம்பும்போது பினியன் மூக்கு மேலே எழும்பும் என்பதால் முன்கூட்டியே கீழே சாய்த்து வைப்பார்கள். லீஃப் ஸ்பிரிங் பந்தயக் காரில் இது 5 முதல் 7 டிகிரி வரை போகும். நான்கு இணைப்புச் சட்டம் வைத்த காரில் 1, 2 டிகிரி போதும். பந்தயக் கோணத்தை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் அதிர்வு வரத்தான் செய்யும். லீஃப் ஸ்பிரிங் சாலைக் காருக்கு 2, 3 டிகிரி கீழே வைத்து, மீதியை டிராக்ஷன் பாரிடம் விடுங்கள்.

கையோடு புரொபெல்லர் ஷாஃப்ட்டின் முனை இணைப்பான யூ-ஜாயின்ட்டையும் பாருங்கள். ஆக்சிலை மட்டும் பெரிதாக்கிவிட்டு 1310 அளவு ஜாயின்ட்டையே விட்டுவைத்தால், அடுத்து முறிவது அதுதான். அதைவிடப் பெரிய 1350-க்கு மாறுங்கள். புரொபெல்லர் ஷாஃப்ட்டின் முன்பக்க ஜாயின்ட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் ஒரு பாதுகாப்பு வளையமும் மாட்டுங்கள். முன் ஜாயின்ட் முறிந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தாமல் தடுப்பது அதுதான்.

கே: நெடுஞ்சாலைப் பயணமும் உண்டு, கால் மைல் ஓட்டமும் உண்டு. ரேஷியோ எது?

ப: மணிக்கு மைல் வேகத்தை ரேஷியோவாலும் 336-ஆலும் பெருக்கி, டயரின் விட்டத்தால் வகுத்தால் இன்ஜின் சுற்று கிடைக்கும். 70 மைல், 3.73, 27 அங்குல டயர்: நிமிடத்துக்குச் சுமார் 3,250 சுற்று. 0.70 ஓவர்டிரைவ் இருந்தால் 2,275-ஆக இறங்கிவிடும். ஓவர்டிரைவ் உள்ள பெட்டிக்கு 3.73, இல்லாததற்கு 3.31 அல்லது அதற்கு அருகில். இதற்கு மேல் யோசிப்பது பெரும்பாலும் வீண்.

கே: ஷாஃப்ட் முறிவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

ப: உண்டு, செலவும் இல்லை. புது ஷாஃப்ட்டை மாட்டுவதற்கு முன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஸ்லிக் டயரில் ஓடும் காராக இருந்தால் ஒவ்வொரு பருவ முடிவிலும் ஷாஃப்ட்டை உருவிப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் மறுபடி மாட்டலாம். திருகு போலச் சுற்றியிருந்தால் உலோகம் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. ஸ்ப்லைன் பற்களையும் விரலால் தடவிப் பாருங்கள். முனையில் சாய்ந்திருந்தால் அதுவும் அதே செய்தி. ஒரு பக்கம் முறுக்கியிருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள், இரண்டும் ஒரே சுமையைத்தான் சுமந்தன.

உருவிய கையோடு ஹவுசிங் மேலே இருக்கும் காற்றுத் துளையை ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் சூடான காற்று வெளியேற வழியின்றி ஆயில் சீல் வழியே எண்ணெயைத் தள்ளும். சீலை இரண்டு மூன்று முறை மாற்றியும் கசிவு நிற்காத பல கார்களில் குற்றவாளி அந்தத் துளைதான்.